வரி இல்லை எண்டு சொல்லவும் ஒரு இலக்கம்

கம்பஸ் கன்டீனில் "ரின் நம்பர் எடுத்தாச்சோ?" எண்டு கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "ஐயோ மச்சான், எடுத்தா வரி கட்டவேணும்." இல்லாவிட்டால், "எடுக்காட்டி 50,000 தண்டமாம்." இரண்டுமே பயத்தில் வருகிற பதில். 2024 ஜனவரியில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பதியவேண்டும் எண்டு வந்த அறிவிப்பு எங்களுக்குள் மிச்சம் வைத்துவிட்டுப் போனது இந்தப் பயத்தைத்தான்.

முதலில் எங்கட ஆக்களுக்கு ஒன்று. வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வைத்திருப்பதும் வருமான வரி கட்டுவதும் ஒன்றல்ல. 2025 ஏப்ரல் 1 இலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. 2025 இல் மகாபொல மாதம் 7,500 ரூபாவாக இருந்தது. பின்னேரம் ரியூசன் குடுத்து உழைக்கிறதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கோ. எங்களில் ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டோம்.

ஆனால் அரசாங்கம் கதைக்கிற கதை வேற. எங்களை "வரி வலைக்குள் கொண்டுவர" வேணுமாம். நாங்கள் எப்ப வெளியில நிண்டனாங்கள்? 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். வருமான வரியிலும் பெரிய சலுகை குடுத்தார்கள். திறைசேரி காய்ந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார நெருக்கடிக்கு ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டவர்கள் பொறுப்பு எண்டு தீர்ப்பும் சொன்னது. ஆனால் விலை குடுத்தது யார்? அந்த 8 வீதம் 2022 இல் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. நாங்கள் போடுகிற ஒவ்வொரு ரீலோட்டிலும், அம்மா வாங்குகிற சவர்க்காரத்திலும் அது இருக்கு. அதை வாங்க ஒருத்தரும் எங்களிட்ட இலக்கம் கேட்டதில்லை.

இலக்கம் கேட்பது, எங்களுக்கு வரி *இல்லை* எண்டு சொல்லப் போகும்போதுதான்.

எங்கட பட்ஜ் பிள்ளை ஒருத்தியின் அப்பா இல்லை. அவருடைய சேமலாப நிதிக் காசைத்தான் அம்மா நிலையான வைப்பில் போட்டு, அந்த வட்டியில் வீட்டை நடத்துகிறா. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் பிடிக்கிற வரி 5 வீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது. ஆண்டுக்கு 80,000 ரூபா வட்டி வந்தால் 8,000 போய்விடும். அந்த அம்மா வருமான வரி கட்டவேண்டிய ஆளே இல்லை. பிடிக்கவேண்டாம் எண்டு வங்கிக்கு ஒரு பிரகடனம் குடுக்கலாம்தான். அந்தப் படிவத்தில் கேட்கிறது என்ன? ரின் இலக்கம்!

இணையத்தில் இலவசமாக எடுக்கக்கூடிய இலக்கத்துக்குச் சந்தியில் இருக்கிற கொமினிக்கேசன் 1,000 ரூபா வாங்கியது. அம்மாவிடம் ஈமெயில் இல்லை என்பதால் கடைக்காரர் தன்ர ஈமெயிலையே போட்டுவிட்டார். வங்கியில் குடுத்த படிவம் ஆங்கிலத்தில். 1987 இல் வந்த 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி எண்டு படித்து, பரீட்சையிலும் எழுதி, புள்ளியும் எடுத்த பிள்ளைதான் அந்தப் படிவத்தை அகராதியோட இருந்து நிரப்பினவள். அதற்குள் இரண்டு மாத வட்டியில் காசு பிடிபட்டுவிட்டது. அதைத் திருப்பி எடுக்க ஆண்டு முடிய வருமான விபரத்திரட்டு அனுப்பவேணும். எத்தனை அம்மாமார் அனுப்புவினம்?

இதுதான் எங்கட கோபம். தரவேண்டாதவரிடம் முதலில் பிடித்துவிட்டு, திருப்பிக் கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் குடுக்கிற வரி, படிவம் வாசிக்கத் தெரியாதவரின் தலையிலதான் விடியும். கணக்காளர் வைத்திருக்கிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

நாலு வங்கியில் பிரித்துப் போட்டிருக்கிற பெரிய ஆக்களைப் பிடிக்க ஒரு இலக்கம் வேண்டும் எண்டு சிலர் சொல்லுவினம். சரி, ஒத்துக்கொள்ளுறம். அப்படியெண்டால் எல்லா வங்கியிலும் ஏற்கனவே இருக்கிற தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்தே அதைத் தாங்களாகக் குடுக்கட்டும். அடையாள அட்டையும் அரசாங்கம் தந்ததுதானே? தன்னிடம் இருக்கிற விபரத்தையே திரும்ப எங்களிட்ட எழுதி வாங்குவதற்கு எதற்கு இந்த அலைச்சல்? பிரகடனப் படிவம் தமிழில் கவுண்டரில் இருக்கவேணும், கேட்டால் எடுத்துத் தாற பொருளாக இல்லை.

அதுவரைக்கும் நாங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. இலக்கத்துக்குப் பயப்படுகிறதை விட்டுட்டு எடுங்கோ. வீட்டில் அம்மா, அம்மம்மா, பக்கத்து வீட்டு மாமி, வட்டி வருகிற எல்லாருக்கும் நீங்களே இருந்து நிரப்பிக் குடுங்கோ. ஈமெயில் கேட்கிற இடத்தில் கடைக்காரரின்ரை போட விடாதீங்கோ. பிறகு வாற அறிவித்தல் எல்லாம் அவருக்குத்தான் போகும்.