என் பிள்ளைகளின் உயிர் டாப் வேரியன்டுக்கு மட்டும்தானா?

கார் வாங்க வருகிறவனிடம் சன்ரூஃப் வேண்டுமா, அலாய் வீல் வேண்டுமா என்று கேளுங்கள். தப்பே இல்லை. ஆசைப்பட்டவன் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் பின் சீட்டில் உட்காரும் என் பிள்ளைகளின் தலையைக் காக்கிற ஏர்பேக்கையும் அதே பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? எந்த நியாயத்தில் சேர்த்தார்கள்? வயிறு எரிந்து கேட்கிறேன்.

நான் கேட்டது மூன்றே மூன்றுதான். ஆறு ஏர்பேக். வளைவில் வண்டி சறுக்கினால் தானே பிரேக் பிடித்து நிலைப்படுத்தும் இஎஸ்சி. பின்னால் ஒரு கேமரா. மாதச் சம்பளக்காரன் நான். நடு வேரியன்டுக்கு மேல் தவணை தாங்காது. “அதுக்கு உண்டான காசைத் தனியா தர்றேங்க, இந்த வேரியன்ட்லயே போட்டுக் குடுங்க” என்று மன்றாடினேன். “அப்படி வராது சார். கேமரா வேணும்னா நாங்களே மாட்டித் தர்றோம். ஏர்பேக், இஎஸ்சி எல்லாம் கம்பெனி ஃபிட்டிங். டாப் வேரியன்ட் போயிடுங்க சார்” என்றார் ஷோரூம் பையன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த இரண்டையும் தொழிற்சாலையில்தான் பொருத்த முடியும். அதனால்தான் கேட்கிறேன், அங்கேயே ஏன் பொருத்தி அனுப்பவில்லை? சன்ரூஃப், பெரிய டச் ஸ்கிரீன், லெதர் சீட் அத்தனையையும் வாங்கினால்தான் ஏர்பேக் என்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனிடம், ஃபுல் மீல்ஸ் வாங்கினால்தான் தம்ளர் வைப்போம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அரசாங்கமும் நம் மடியில்தான் கை வைக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுட்கால வரியைப் பாருங்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய். ஏர்பேக்குக்காக 10 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வேரியன்டுக்குப் போனால் 1,87,200 ரூபாய். காரின் விலையில் ஏறுவது 50,000, வரியில் ஏறுவது 58,500. பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிப்போக நினைத்ததற்கா இந்தத் தண்டனை?

கேட்டதைத் தர மறுப்பவர்கள், கேட்காததை எல்லாம் கொட்டேஷனில் ஏற்றி வைக்கிறார்கள். சீட் கவர், மட் ஃப்ளாப், டெஃப்லான் கோட்டிங், முன்னால் மாட்டும் கம்பி பம்பர். வேண்டாம் என்றால் டெலிவரி தள்ளிப்போகும். இன்சூரன்ஸை வெளியில் எடுத்துக்கொள்கிறேன் என்றால் டிஸ்கவுன்ட் காணாமல் போகும். யாரிடம் இன்சூரன்ஸ் எடுப்பது என்பது என் உரிமை இல்லையா?

இதில் நெஞ்சு பதறும் விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரின் முன் சீட்டை உற்றுப் பாருங்கள். கதவுப் பக்கத்து ஓரத் தையலில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய சின்னத் துணிப்பட்டை இருக்கும். அந்தத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் பை விரிய வேண்டும். அதன் மேலேயே இறுக்கமாக சீட் கவரைத் தைத்து மூடிவிட்டால், அது எப்படி நேரத்துக்கு விரியும்? கம்பி பம்பரும் அப்படித்தான். மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேருவதையே அது குழப்பிவிடும். அது சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதை என் கொட்டேஷனில் எழுத எப்படித் துணிகிறார்கள்?

ஏர்பேக் இல்லாமல் கார் விற்றதும் ஆபத்து தெரியாமல் நடந்ததில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து கார்களை மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அவற்றில் ஒன்று ஃபோக்ஸ்வேகன் போலோ. அதே போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. அப்படித் தெரிந்த பிறகும் ஓட்டுநருக்கு ஒரு ஏர்பேக் கட்டாயமாக 2019 ஜூலை வரை காத்திருந்தோம். பக்கத்தில் உட்காருபவருக்கு 2021 வரை.

பின் சீட்டில் இருப்பவர்களுக்கு? ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்க 2022 ஜனவரியில் வரைவு விதி வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று, பால்கர் அருகே நடந்த விபத்தில் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். நாடு முழுக்கப் பின் சீட் பாதுகாப்பைப் பற்றியே பேச்சு. அதே மாதக் கடைசியில்தான் அந்த விதியை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்த கெடு வருவதற்குள், கட்டாயமாக்கப் போவதில்லை என்று மத்திய போக்குவரத்து அமைச்சரே சொல்லிவிட்டார். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த எண்ணைப் பார்த்துமா மனம் இரங்கவில்லை?

முடியாது என்று யாரும் சொல்லாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே கார் தயாரிக்கும் ஹூண்டாய், 2023 அக்டோபரில் தன் எல்லா மாடலிலும், எல்லா வேரியன்டிலும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது. ஒரு கம்பெனியால் முடிந்தது எல்லாராலும் முடியும். அதைக் கம்பெனிகளின் மனசுக்கு விடாதீர்கள். சட்டமாக்குங்கள்.

அடி வேரியன்டிலிருந்தே ஆறு ஏர்பேக்கும் இஎஸ்சியும் வர வேண்டும். பாதுகாப்புக்காக ஏறும் விலைக்கு வரி ஏறக் கூடாது. கம்பி பம்பர் விற்கும் ஷோரூம் மீது வழக்குப் பாய வேண்டும். சன்ரூஃப் இல்லாத காரில் என் பிள்ளைகள் சந்தோஷமாக வருவார்கள். அவர்கள் உயிரோடு வீடு திரும்புவதற்கு என் சம்பளத்தை அளவுகோலாக வைக்காதீர்கள்!