ஒழுகும்போதே கொடுக்க வேண்டும்

மைசூர் மகாராணி அறிவியல் கல்லூரி நூறாண்டு கடந்த பெருமை உடையது. பெண்கள் படிக்க வருவதே அதிசயமாக இருந்த காலத்தில் பிறந்த கல்விக்கூடம் அது. அதன் வேதியியல் கூடம் இருந்த பழைய கட்டடத்தின் ஒரு பகுதி, 2022 அக்டோபர் மாதம் இடிந்து விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதே ஊரில் 2012-ம் ஆண்டு லேன்ஸ்டவுன் கட்டடம் இடிந்தபோது நான்கு பேர் மாண்டார்கள் என்பதை மறந்துவிட முடியாது.

கல்லூரிக் கட்டடம் விழுந்த பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. புதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் கட்டடம் ஒரே நாளில் இடிவதில்லை. முதலில் ஓதம் காண்கிறது. பிறகு காரை உதிர்கிறது. உத்தரம் உளுத்துப்போகிறது. சுண்ணாம்புக் காரையும் மர உத்தரமும் வைத்துக் கட்டிய அந்தக் காலத்துத் தளத்துக்கு மழைநீர்தான் முதல் எதிரி. மேல்தளத்தை அவ்வப்போது செப்பனிட்டு வந்தாலே பல ஆண்டுகள் தாங்கும். அந்தச் சிறு தொகைக்காகக் கல்லூரி முதல்வர்கள் மனுமேல் மனு போட வேண்டியிருப்பதுதான் பரிதாபம்.

பாதியில் நிற்கும் கட்டடங்கள்

பழைய கட்டடத்தின் கதை இது. புதுக் கட்டடத்தின் கதை வேறு. முதல் தவணைப் பணம் வரும். அடித்தளம் எழும்பும். செலவுக் கணக்கைக் காட்டிப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. அதில் ஒரு காகிதம் குறைந்தால் வேலை நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி மழையில் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துவிடும். முடியாத கட்டடத்துக்கே மராமத்து பார்க்கும் விந்தை இப்படித்தான் நேர்கிறது.

பணம் கொடுக்கத் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் தொடங்கிய 'ரூசா' திட்டத்தில் ஒரு கல்லூரிக்கு 2 கோடி ரூபாய் என்று வகுத்தார்கள். நூற்றுக்கு 35 பங்கு புதுக் கட்டடத்துக்கு, 35 பங்கு பழுது பார்க்க, 30 பங்கு கருவிகளுக்கு. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பகிர்ந்துகொண்டன. 2023-ல் அதுவே 'பி.எம். உஷா' என்று பெயர் மாறியது. கல்லூரிக்கு 5 கோடி வரை என்றார்கள்.

ஆனால் இந்தப் பணம் யாருக்குக் கிடைக்கும்? மானியம் கேட்டுப் போனால் 'நாக்' குழு கொடுத்த தரத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் குழுவோ, தரம் போடும்போது கட்டடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் பார்க்கிறது. கட்டடம் மோசம் என்பதால் தரம் குறைகிறது. தரம் குறைந்ததால் பணம் வருவதில்லை. பணம் வராததால் கட்டடம் மேலும் மோசமாகிறது. நோயாளியைப் பார்த்து, "உடம்பு தேறிய பிறகு வா, மருந்து தருகிறேன்" என்று வைத்தியர் சொன்னால் எப்படி இருக்கும்?

ரயில் பாதையைப் பாருங்கள். 'கீமேன்' என்ற தொழிலாளி, சுத்தியலும் ஸ்பானருமாகத் தன் எல்லைக்குட்பட்ட தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்த்து வருகிறார். தளர்ந்ததை அங்கேயே இறுக்குகிறார். விபத்து நடந்த பிறகு பார்ப்போம் என்று எவரும் காத்திருப்பதில்லை. கல்லூரிக்கும் அந்த முறை வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பழுது பார்ப்பதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை, கேட்காமலே ஒதுக்க வேண்டும். தொடங்கிய கட்டடத்தை முடிக்காமல் இன்னொன்றுக்கு அடிக்கல் நாட்டக் கூடாது. தரம் குறைந்த கல்லூரிக்கே முதல் உதவி போக வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. பொதுப்பணத்தைக் கேட்பவர்கள் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு மீதி என்பதை வாசலிலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். கணக்கைக் காட்டத் தயங்குகிறவர் கை நீட்டுவது நியாயமல்ல.

தனியார் கல்லூரிக்குக் கொட்டிக் கொடுக்க வசதி உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் கூலி வேலை செய்பவர் மகளுக்கும், கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணுக்கும் அரசுக் கல்லூரியை விட்டால் வேறு கதி இல்லை. கர்நாடகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கல்லூரிகளை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? இடிந்த பிறகு கொடுக்கும் கோடியைவிட, ஒழுகும்போது கொடுக்கும் லட்சமே பெரிது.