தென் அமெரிக்கா புராஜக்ட்டை பிரிண்டரிடம் விட்டுவிடாதீர்கள்!

வீட்டிற்குப் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கும் பெற்றோரிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "பிள்ளைங்க படிப்புக்காகத்தான் சார்." நல்ல காரணம்தான். ஆனால் வாங்கிய சில மாதங்களில் அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் "தென் அமெரிக்கா" என்று புராஜக்ட் தருகிறார்கள். பையன் தேடல் தளத்தில் அந்தச் சொல்லைத் தருகிறான். முதலில் வரும் தளத்தைத் திறந்து காப்பி, பேஸ்ட் செய்து நான்கு படங்களைச் சேர்த்து பிரிண்ட் எடுத்துவிடுகிறான். இப்போது கேட்டால் கட்டுரையையே எழுதித் தரும் ஏ.ஐ. புரோகிராம்களும் வந்துவிட்டதால், அந்தச் சிறு உழைப்பும் தேவைப்படுவதில்லை.

இப்படித் தயாரான பல புராஜக்ட்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அமேசான் காடு, அனகோண்டா பாம்பு, மச்சு பிச்சு, பீலே. கடைசி வரியாக "இன்கா மக்கள் அழிந்துவிட்டனர்" என்று ஒரு தவறான செய்தி.

இந்தியா என்றால் பாம்பாட்டியும் யானையும்தான் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அதே வேலையை நம் வீட்டுப் பிள்ளைகள், நாம் வாங்கித் தந்த கம்ப்யூட்டரில், இன்னொரு கண்டத்து மக்களுக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்காக்களின் மொழியான கெச்சுவாவை பெரு, பொலிவியா, ஈக்வடார் முதலான நாடுகளில் இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். 2022ஆம் ஆண்டு கூகுள் தன் மொழிபெயர்ப்பு வசதியில் கெச்சுவா, ஐமாரா, குவாரனி ஆகிய மூன்று தென் அமெரிக்க மொழிகளைச் சேர்த்தது. உங்கள் பிரவுசரிலேயே அந்த மொழிகள் இருக்கும்போது, அவற்றைப் பேசுவோர் அழிந்துவிட்டனர் என்று பிள்ளை எழுதலாமா?

என் வீட்டில் ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள். நான் பின்பற்றும் முறை எளிமையானது. கட்டுரையைத் தேடக் கூடாது. ஒரு கேள்வியைத் தேட வேண்டும்.

கிரிக்கெட்டில் தொடங்குங்கள்

கூகுள் எர்த் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து தென் அமெரிக்காவைக் கொண்டு வாருங்கள். மொத்தம் 12 சுதந்திர நாடுகள். பிரெஞ்சு கயானா மட்டும் பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கண்டத்தில் கிரிக்கெட்டுக்குப் பெயர் பெற்ற நாடு எது?"

விடை கயானா. வெஸ்ட் இண்டீஸ் அணியின் ரோஹன் கன்ஹாய், ஷிவ்நாராயண் சந்தர்பால் இருவரும் அந்த நாட்டவர்கள். சுனில் கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் என்று பெயர் வைத்தது கன்ஹாய் மீதிருந்த மதிப்பால்தான். சந்தர்பால் என்ற பெயர் தென் அமெரிக்காவிற்கு எப்படிப் போனது என்பது அடுத்த கேள்வி. 1838 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல்களில் கொண்டு போனார்கள். சென்னை வழியாகப் போன தமிழர்களும் அதில் உண்டு. அவர்கள் கொண்டு சென்ற மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே நடக்கிறது.

பிறகு மொழிகளுக்கு வாருங்கள். கயானாவில் ஆங்கிலம், சுரினாமில் டச்சு, பிரேசிலில் போர்த்துக்கீசியம் ஆட்சி மொழிகள். பொலிவியாவின் 2009ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஸ்பானிஷுடன் 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சி மொழிகளாக ஏற்றிருக்கிறது. "தென் அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுவார்கள்" என்ற ஒரு வரியோடு முடித்துவிட முடியாது என்பது பிள்ளைக்குத் தானே புரிந்துவிடும்.

கொஞ்ச நேரம் மவுஸை விடுங்கள்

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒன்று இன்காக்களின் கிப்பு. நாம் அறிந்த எழுத்து முறை அவர்களிடம் இல்லை. ஆனால் பெரும் பேரரசின் கணக்குகளைக் கயிற்று முடிச்சுகளில் பதிந்து வைத்தார்கள். முதன்மைக் கயிறு ஒன்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் மேலே உள்ள முடிச்சுகள் பெரிய இடமதிப்பு. கீழே வர வர நூறு, பத்து, ஒன்று. முடிச்சே இல்லாத இடைவெளி பூஜ்யம். ஒன்றின் இடத்தில் மட்டும் பல சுற்றுகள் கொண்ட நீளமான முடிச்சு.

நெட்டில் படத்தைக் காட்டிய பின் மானிட்டரை அணைத்துவிட்டு, ஒரு சணல் கயிற்றைக் கையில் கொடுங்கள். 203 என்ற எண்ணை முடிச்சுப் போடச் சொல்லுங்கள். நடுவில் இடைவெளி விட வேண்டும் என்று கண்டுபிடிக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பத்துப் பக்கம் பிரிண்ட் எடுத்தாலும் அந்த மகிழ்ச்சி வராது.

இன்றைக்கு என்ன செய்கிறார்கள்?

எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் "அங்கே இருப்பவர்கள் இன்றைக்கு என்ன செய்கிறார்கள்?" என்ற கேள்வியைக் கட்டாயமாக்குங்கள்.

பெரு நாட்டில் அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாகா என்ற புல் பாலம் இருக்கிறது. இன்கா காலத்து முறையில் புல்லைத் திரித்துக் கயிறாக்கி, நான்கு கெச்சுவா ஊர்களின் மக்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ இந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. கொரோனா காலத்தில் புதுப்பிக்க முடியாமல் போனதால் 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் மக்கள் மீண்டும் கட்டினார்கள். வீடியோ தளங்களில் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அழகான செய்திகளை மட்டும் காட்டுவதும் சரியல்ல. உங்கள் லேப்டாப், மொபைல் பேட்டரிகளில் இருக்கும் லித்தியம் அதிகம் கிடைக்கும் இடங்களில் சிலி, அர்ஜென்டினா, பொலிவியா நாடுகளின் உப்புப் பாலைகள் முக்கியமானவை. கூகுள் எர்த்தில் சிலியின் சலார் டி அட்டகாமாவுக்குப் போனால் பச்சையும் நீலமுமாகப் பாத்திகள் தெரியும். நிலத்தடி உப்பு நீரை இறைத்து வெயிலில் காயவைத்து லித்தியம் எடுக்கிறார்கள். பாலைவனத்தில் இப்படி நீரை இறைத்தால் எங்கள் தண்ணீர் என்னாகும் என்று அங்குள்ள மக்கள் கேட்கிறார்கள். நம் கையில் இருக்கும் பொருளுக்கும் அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கும் தொடர்பு இருப்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

உருகுவே சின்ன நாடு. 2007இல் தொடங்கி 2009க்குள் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் லேப்டாப் வழங்கி உலகின் கவனத்தைப் பெற்றது. நம் பிள்ளையைப் போலவே கீபோர்டு தட்டிய பிள்ளைகள் அந்தக் கண்டத்திலும் உண்டு.

என் வீட்டு விதிகள்

ஒன்று, படித்ததை பிரவுசரை மூடிவிட்டுச் சொந்தமாக ஐந்து வரி எழுத வேண்டும். இரண்டு, எந்தத் தகவலையும் குறைந்தது இரண்டு தளங்களில் சரிபார்க்க வேண்டும். ஏ.ஐ. தரும் பதிலுக்கும் இது பொருந்தும். மூன்று, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்பான தேடலுக்கான செட்டிங்கையும் முதலிலேயே இயக்கி வைத்திடுங்கள்.

"எங்களுக்கு ஏது சார் நேரம்?" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். "எனக்கு இங்கிலீஷ் வராதே" என்று தயங்கும் தாய்மார்களுக்கும் வழி இருக்கிறது. மேப்பும் படமும் வீடியோவும் பார்க்க ஆங்கிலம் தேவையில்லை. நாடுகளின் அடிப்படைத் தகவல்கள் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே கிடைக்கின்றன. "மார்க் வருமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வண்ணப் படம் ஒட்டிய புராஜக்ட்டுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் காப்பி அடித்தால் போதும் என்று பத்து வயதில் பழகிய பிள்ளையை இருபது வயதில் மாற்றுவது கடினம்.

கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டீர்கள். இனி பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போடுங்கள். அடுத்த புராஜக்ட் வரும்போது பிரிண்டரை ஆன் செய்வதற்கு முன், பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.