பனித்தளமும் கடற்கரையும்

பனிக்கட்டியை மீன் பெட்டியில் மட்டுமே கண்டவன் யான். லிங்கநகரில் வேறெங்கே காண்பது? ஆயினும், கனடாவில் வாழும் என் பழைய மாணாக்கி ஒருத்தியின் கடிதம் என்னைச் சிந்திக்க வைத்தது. ரொறன்ரோ மாநகரசபையின் திறந்தவெளிப் பனித்தளங்களில் மாரிக்காலத்தே எவரும் கட்டணமின்றிச் சறுக்கலாமாம். சிறுவர்க்குச் சறுக்கலிலும் ஹொக்கியிலும் பயிற்சி வகுப்புகளும் உண்டாம். விழுந்தெழப் பழகுவதே அவள் மகளுக்கு முதற்பாடமாம்.

பனி நாட்டார் பனிக்கு அஞ்சி வீட்டினுள் ஒடுங்கவில்லை. லடாக்கின் உறைந்த குளங்களிற் பயின்ற மங்கையர் மிகுந்த இந்திய அணி, 2025இல் மகளிர் ஆசியக் கிண்ணப் பனி ஹொக்கியில் வெண்கலம் வென்றது.

நாமோ? உலகறிந்த இயற்கைத் துறைமுகம் வாயிலில் இருந்தும், என் வகுப்பு மாணவியருள் நீந்த வல்லார் ஓரிருவரே. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிற் கீழ்க்கரையில் பெண்களும் சிறாருமே மிகுதியாக மாண்டனர். அதன் பின்னரும், பெண்பிள்ளையைக் கடற்பக்கம் போகாதே எனத் தடுப்பதையே காவல் என்று கருதுகின்றோம்.

பனித்தளம் நமக்கு வேண்டா. ஆழமற்ற நீரில், காப்பாளர் துணையுடன், செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி எல்லாச் சிறாரும் நீச்சல் பயில ஒரு பொதுவிடம் வேண்டும். உள்ளூராட்சி மன்றமும் பாடசாலைகளும் ஒன்றுகூடின் இஃது அரிதன்று. பெற்றோரே, முதலில் உங்கள் பெண்மக்களை அனுப்புங்கள்.