சாபத்தை முறிப்பதா, நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதா?

தியானப் பகுதி: லூக்கா 13:1-9, யாக்கோபு 4:13-17



சில மாதங்களுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அடக்க ஆராதனை நடத்தினேன். மரித்தவருக்கு 46 வயது. அவருடைய தகப்பனாரும் மூத்த சகோதரரும் ஐம்பது வயதைக் காணாமலே மாரடைப்பினால் மரித்தவர்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபின் துக்க வீட்டுத் திண்ணையில் ஒரு பேச்சு எழுந்தது. மரித்தவரின் தாத்தா, விதவையான தம் தங்கைக்குச் சேரவேண்டிய நிலத்தையும் தம் பெயருக்கே எழுதிக்கொண்டாராம். அந்தத் தாயார் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாராம். அந்தச் சாபமே இவ்வீட்டு ஆண்மக்களைக் கொண்டுபோகிறதாம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியர் ஒருவர், மூன்று நாள் உபவாச ஜெபத்தினால் அந்தப் பரம்பரைச் சாபத்தை முறித்துத் தருவதாகச் சொன்னார். அதற்குரிய காணிக்கை இவ்வளவு என்பதையும் சொன்னார். மரித்தவரின் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்து, "ஐயா, என் மகனுக்குப் பதினாறு வயது ஆகிறதே" என்றார். நான் ஆறுதல் சொன்னேன், ஜெபித்தேன், ஆனால் அந்தப் போதனையை எதிர்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. துக்க வீட்டில் தர்க்கம் ஆகாது என்று எண்ணினேன். அது என் தவறு. அன்று சொல்லியிருக்க வேண்டியதை, அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, இன்று எழுதுகிறேன்.

முதலாவதாக, இந்தப் போதனை சிலுவையைச் சிறுமைப்படுத்துகிறது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து நம்மை மீட்டார் என்று பவுல் எழுதுகிறார் (கலாத்தியர் 3:13). அவர் தீர்த்ததில் இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது, அதைத் தீர்க்க மூன்று நாள் கூட்டமும் ஓர் உறையில் பணமும் வேண்டும் என்று சொல்கிறவர் எந்தச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கிறார்?

"பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கப்படும் என்று வேதத்தில் உள்ளதே" என்று கேட்பீர்கள். உள்ளது (யாத்திராகமம் 20:5). ஆனால் அது தேவனைப் பகைக்கிறவர்களைக் குறித்துச் சொல்லப்பட்டது. அதை அடுத்த வசனமோ, அவரிடம் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைவரை நீளும் இரக்கத்தைப் பேசுகிறது. நான்கை எண்ணுகிறவர்கள் ஆயிரத்தை ஏன் மறைக்கிறார்கள்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள், பிதாக்கள் தின்ற புளிப்புக்குத் தங்கள் பற்கள் கூசுவதாகப் பழமொழி சொன்னபோது, இனி அதைச் சொல்லவே கூடாது என்று கர்த்தர் தடுத்தார். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று தீர்ப்பளித்தார் (எசேக்கியேல் 18). கோராகைப் பூமி விழுங்கியது. அவனுடைய குமாரரோ சாகவில்லை (எண்ணாகமம் 26:11). அந்த வம்சத்தின் பெயரைத் தாங்கிய சங்கீதங்களை நாம் இன்றும் ஆராதனையில் வாசிக்கிறோம்.

இரண்டாவதாக, இந்தப் போதனை மரணத்தைக் குறித்துப் பொய் சொல்கிறது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார்; மரித்தவர்களின் கணக்கை விட்டு, உயிரோடு நிற்கிறவர்களை மனந்திரும்பச் சொன்னார். நாம் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். ஒருவர் மண்ணை வாரித் தூற்றினாலும் தூற்றாவிட்டாலும் மண்ணுக்கே திரும்புவோம்.

மாரடைப்பு நோய் சில குடும்பங்களில் தலைமுறையாக வருவதை மருத்துவர்கள் அறிவார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்தால் முன்கூட்டியே கவனிக்க வழியுண்டு. அந்தப் பிள்ளையைச் சாபம் முறிக்கும் கூட்டத்திற்கு அல்ல, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார். கர்த்தர் 15 ஆண்டுகளைக் கூட்டினார். ஆயினும் அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டும்படி ஏசாயா சொன்னார் (ஏசாயா 38). ஜெபமும் மருந்தும் அங்கே சண்டையிடவில்லை.

மூன்றாவது காரியமே எனக்கு மிகவும் பாரமானது. அன்று திண்ணையில் அத்தனை பேர் சாபத்தைப் பற்றிப் பேசினோம். நிலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தத் தாயாரின் பேத்தி பக்கத்து ஊரில் கூலிவேலை செய்கிறார். நிலமோ இன்றும் இவ்வீட்டார் பட்டாவில் இருக்கிறது. விதவையின் கூக்குரலைக் கேட்பேன் என்று சொன்னவர் நம் தேவன் (யாத்திராகமம் 22:22,23). அந்தக் கூக்குரல் கேட்பது பேரப்பிள்ளையின் உயிரையல்ல, நியாயத்தை.

சாபப் போதனை ஏன் நமக்குப் பிடித்திருக்கிறது என்று இப்போது விளங்குகிறதல்லவா? சாபத்தை முறிக்கக் காணிக்கை போதும்; அநியாயத்தைத் திருத்த நிலத்தை விடவேண்டும். சகேயு தன் வீட்டுச் சாபத்தை முறிக்கும்படி ஆண்டவரிடம் கேட்கவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகவும் சொன்னான். அன்றே அந்த வீட்டிற்கு இரட்சிப்பு வந்தது.

கடந்த வாரம் அந்த வீட்டிற்குச் சென்று, என் மௌனத்திற்காக மன்னிப்புக் கேட்டு, இவற்றையெல்லாம் சொன்னேன். சகோதரி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "பத்திரமெல்லாம் மாமியாருடைய பெட்டியில்தான் இருக்கிறது, ஐயா" என்றார். முடிவு அவர் கையில் இருக்கிறது. அவருக்காக ஜெபியுங்கள்.

நம் கையிலும் ஒரு முடிவு இருக்கிறது. ஜீவனும் மரணமும், ஆசீர்வாதமும் சாபமும் நமக்குமுன் வைக்கப்பட்டிருப்பது, தெரிந்துகொள்ளும்படியாகவே (உபாகமம் 30:19). யாக்கோபு நம் ஜீவனைச் சற்று நேரம் தோன்றி மறையும் புகைக்கு ஒப்பிடுகிறார். அதே மூச்சில், நன்மை செய்ய அறிந்தும் செய்யாதிருப்பது பாவம் என்கிறார். சகோதரிக்குக் கொடுக்காத பங்கு, வேலையாளுக்குப் பிடித்து வைத்த கூலி, ஆண்டுக்கணக்காய்ப் பேசாத அண்ணன்: உங்களுடையது எது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மூன்று ஆண்டுகள் கனி கொடாத அத்திமரத்திற்காகத் தோட்டக்காரன் இன்னும் ஓர் ஆண்டு கேட்டான். நாம் வாழ்வது அப்படிக் கேட்டு வாங்கப்பட்ட ஆண்டில்தான்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, பயத்தினால் அல்ல, உமது அன்பினால் ஏவப்பட்டு, நாங்கள் தரவேண்டியதைத் தந்துவிட்டு உம்மிடம் வரக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.