விதிப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வரைந்த கார்



மணிமுத்தாறிலிருந்து பிளஸ் ஒன் மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அண்ணன் வாங்கிவைத்த பழைய பிளேஸ்டேஷனில் 'கிரான் டூரிஸ்மோ 5' விளையாடுகிறாராம். அதில் ரெட் புல் எக்ஸ்2010 என்று ஒரு பந்தயக் கார் வருகிறது. மற்ற கார்கள் பிரேக் போட்டுத் தவழ்ந்து போகும் வளைவிலும் அது பறக்கிறது. "இதெல்லாம் நிஜமா சார்? இல்ல, சும்மா நம்பரை ஏத்தி வச்சிருக்காங்களா? எங்க மாஞ்சோலை ரோட்டுல இந்தக் காரு ஓடுமா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டுமே அருமையான கேள்விகள். இந்த மாதம் என் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

முதலில் காரின் கதை. அந்த விளையாட்டை உருவாக்கிய ஜப்பானியர் கசுனோரி யமவுச்சி, ரெட் புல் பந்தய அணியின் அப்போதைய தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஏட்ரியன் நியூவியிடம் ஒரு கேள்வியை வைத்தார். பந்தய விதிகள் எதுவுமே இல்லையென்றால் உலகிலேயே வேகமான காரை எப்படிச் செய்வீர்கள்? விதிகளுக்குள் இருந்துகொண்டு, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் போராடியே வாழ்நாளைக் கழித்தவர் நியூவி. அவரிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. 2010 நவம்பரில் விளையாட்டு வெளிவந்தபோது பதிலும் அதில் இருந்தது. எடை 545 கிலோ. மூன்று லிட்டர் வி6 டர்போ இன்ஜின், 1,483 குதிரைத்திறன், மணிக்கு 450 கிலோமீட்டர் வேகம். அந்த ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய நிஜக் கார்கள் ஓட்டுநரோடு சேர்ந்து 620 கிலோ எடையும், ஏறத்தாழ 750 குதிரைத்திறனும் கொண்டவை. அதே ஆண்டு உலக சாம்பியனான செபாஸ்டியன் வெட்டல்தான் எக்ஸ்2010-ஐத் திரையில் முதலில் ஓட்டிப் பார்த்தவர்களில் ஒருவர்.

இன்ஜின் எனக்குப் பெரிய ஆச்சரியம் தரவில்லை. டர்போவைப் பெரிதாக்கினால் திறன் கூடும். காரின் பின்பக்கம் இருக்கும் விசிறியைப் பாருங்கள். பொறியியல் அங்கேதான் இருக்கிறது.

பந்தயக் கார்களின் முன்னும் பின்னும் இறக்கை வைப்பது காரைத் தரையோடு சேர்த்து அழுத்துவதற்காக. அழுத்தம் கூடினால் டயரின் பிடிப்பு கூடும். ஆனால் இறக்கைக்கு ஒரு குறை உண்டு. வேகம் பாதியானால் அதன் அழுத்தம் கால்வாசியாகிவிடும். மெதுவான வளைவில், பிடிப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில், இறக்கை கைவிட்டுவிடும். விசிறிக்கு இந்தக் குறை கிடையாது. காரின் அடியில் உள்ள காற்றை அது உறிஞ்சிப் பின்னால் தள்ளுகிறது. அடியில் காற்றழுத்தம் குறைகிறது, மேலிருக்கும் காற்று காரைத் தரையோடு அமுக்குகிறது. நின்றுகொண்டிருக்கும் காரில்கூட இது நடக்கும்.

அந்த அமுக்கம் எவ்வளவு இருக்கும்? மணிமுத்தாறு அணையில் தண்ணீர் 118 அடி வரை நிற்கும். அதில் 33 அடி ஆழத் தண்ணீர் எவ்வளவு கனமோ, அவ்வளவு கனத்தைத்தான் வளிமண்டலக் காற்று நம் எல்லார் மீதும் வைத்திருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன். இரு பக்கமும் சமமாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. காரின் அடிப்பரப்பு நான்கு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடியில் அழுத்தத்தை வெறும் 5 சதவீதம் குறைத்தாலே மேலிருந்து இரண்டு டன் வந்து உட்காரும்.

இனி மாணவரின் முதல் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கார் வளைவில் அதிகபட்சம் 8.25 ஜி வரை தாங்கும் என்று அறிவித்தார்கள். அதாவது, தன் எடையைப்போல எட்டேகால் மடங்கு பக்கவாட்டு விசை. 545 கிலோவை 8.25-ஆல் பெருக்கினால் சுமார் 4,500 கிலோ. நல்ல பந்தய டயர், தன்மீது இறங்கும் பாரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் பக்கவாட்டில் பிடிக்கும். அப்படியானால் டயர்கள்மீது மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவான பாரம் வேண்டும். காரின் எடையைக் கழித்தால் காற்றிடமிருந்து வரவேண்டியது இரண்டு முதல் இரண்டரை டன். விசிறிக் கணக்கில் நமக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதுதான். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை வைத்துக்கொண்டே சரிபார்க்கலாம், தம்பி. சும்மா ஏற்றிவைத்த எண்கள் இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

விசிறியும் நியூவியின் கற்பனையில் பிறந்ததில்லை. 1970-இல் அமெரிக்காவில் ஜிம் ஹால் உருவாக்கிய சப்பரால் 2ஜே காரில் இரண்டு விசிறிகள் இருந்தன. அவற்றைச் சுழற்றவென்றே தனியாக ஒரு சிறிய இன்ஜின். அடுத்த ஆண்டு அதற்குத் தடை வந்தது. 1978 ஜூனில் சுவீடன் பந்தயத்தில் கார்டன் மர்ரே வடிவமைத்த பிராபம் பிடி46பி-யை ஓட்டிய நிக்கி லௌடா, அரை நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். விசிறி இன்ஜினைக் குளிர்விக்கத்தான் என்று அணி வாதாடியது. மற்ற அணிகள் கொதித்தன. அந்த ஒரு பந்தயத்தோடு கார் விலக்கிக்கொள்ளப்பட்டது. தடைபட்ட இந்த யோசனைக்குத்தான் முப்பது ஆண்டுகள் கழித்து நியூவி திரையில் உயிர் கொடுத்தார்.

அது திரையோடு நிற்கவும் இல்லை. இங்கிலாந்தின் மெக்மர்ட்ரி நிறுவனம் மின்சாரத்தில் ஓடும் சின்னஞ்சிறு விசிறிக் கார் ஒன்றைச் செய்தது. நிற்கும்போதே இரண்டு டன் அழுத்தம். 2022-இல் அங்குள்ள குட்வுட் மலையேற்றப் பந்தயப் பாதையை அது 39.08 விநாடிகளில் கடந்து சாதனை படைத்தது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கார் அதில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் வழுக்கும். 8.25 ஜி கிடைத்தால் கணக்குப்படி 125-இல் திரும்பலாம். ஆனால் திரும்பாது. காரின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே காற்றுப் புகாதபடி அடைப்பு இருந்தால்தான் விசிறி வேலை செய்யும். ஒரு பள்ளம், ஒரு சரளைக்கல், மழை அரித்த ஓர் ஓரம் போதும். அடைப்பு விட்டுப்போய்க் காற்று உள்ளே பாயும், இரண்டு டன் அழுத்தம் ஒரு நொடியில் மாயமாகும். வளைவின் நடுவில் அப்படி நடந்தால் கார் பள்ளத்தாக்கில்தான் கிடக்கும். வழவழப்பான பந்தயத்தளத்துக்காகப் பிறந்த கார் அது. மேலும் உங்கள் சாலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே வேகம் எந்த வண்டிக்கும் கூடாது. பைக் வைத்திருக்கும் அண்ணன்மாரிடமும் சொல்லுங்கள்.

விளையாட்டு மறைப்பது மனித உடலைத்தான். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரை கிலோ இருக்கும். 8.25 ஜி-யில் கழுத்தின்மேல் 50 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் இழுக்கும், ஒவ்வொரு வளைவிலும். நாற்காலியில் உட்கார்ந்து கையில் கன்ட்ரோலரோடு ஆடுபவருக்கு அது தெரியாது. விதிகளை எழுதியவர்கள் காரை மெதுவாக்கியதற்கு இந்தக் கழுத்தும் ஒரு காரணம்.

விளையாட்டுத் திரையில் கார்கள் ஏறும் இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் டாடா நிறுவனம் ரேசிமோ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியது. 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 190 குதிரைத்திறன். 'ஃபோர்ஸா ஹொரைசன் 3' விளையாட்டிலும் அது இடம்பெறும் என்று அறிவித்தார்கள். பிறகு திட்டம் கைவிடப்பட்டது. சாலைக்கு வந்திருக்க வேண்டிய கார் என்று இன்றும் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு வெகுகாலம் முன்பே ஒருவர் கையில் கிடைத்ததைக் கொண்டு பந்தயக் கார் கட்டினார். கோவை எஸ். கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து 1980-களின் இறுதியில் 'ஃபார்முலா மாருதி' காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்தக் காரில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கோவை செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரால் அமைந்த 'கரி மோட்டார் ஸ்பீட்வே'யில்தான் இப்போது 'ஃபார்முலா பாரத்' போட்டி நடக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுகிறார்கள். கணினியில் காற்றோட்டத்தைப் பார்த்து, பிறகு வெல்டிங் பிடித்து, இரவெல்லாம் விழித்துக் கட்டிய கார்கள். ஏன் இந்தக் குழாயை இங்கே வைத்தாய் என்று நடுவர்கள் கேட்பார்கள். கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். மணிமுத்தாறு மாணவர் இன்னும் சில ஆண்டுகளில் அப்படியொரு மேசையின் முன் நிற்பார் என்று எனக்கு ஆசை.

உங்களில் யாருக்காவது, எந்த வயதினராக இருந்தாலும், விதியில்லாத கார் ஒன்றை வரைய விருப்பமா? படத்தோடு எடை, திறன், டயர் பாரம் மூன்றுக்குமான கணக்கையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். கணக்கு ஒத்துவரும் படங்களை நம் இதழில் வெளியிடுவோம். தப்பான கணக்குகளைத் திருத்தி, உங்களுக்கே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்