கதைக்கு உரியவர் யார்?

நாவலாசிரியன் தன் கதையின் முடிவை அறிந்துகொண்டே முதல் வரியை எழுதலாம். நாடகாசிரியனுக்கும் அவ்வுரிமை உண்டு. ஆயின், முடிவை முன்னரே தீர்மானித்து வைப்பது குற்றமாகிவிடும் ஒரு கதைக்கலையும் இன்று உலகில் வழங்கி வருகின்றது. நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் பாத்திர விளையாட்டே அது. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, ஒருவர் மட்டும் தமக்கெனப் பாத்திரம் கொள்வதில்லை. ஏனையோர் உலாவும் உலகத்தை அவர் வருணிப்பார். எதிர்ப்படும் பகைவருக்கும் நண்பருக்கும் அவரே குரலாவார். ஒரு செயல் கைகூடுமா என்ற ஐயம் எழுமிடத்துப் பகடையை உருட்டச் சொல்வார். இவரைக் கேம் மாஸ்டர் என்பர்.

இப்பொறுப்பைப் புதிதாக ஏற்போர் பலர் தம்மைக் கதாசிரியர் என்று எண்ணிக்கொள்கின்றனர். தாம் நடுவர் என்பதை மறந்துவிடுகின்றனர். இன்பமளிக்க வேண்டிய பொழுது சலிப்பில் முடிவதற்கு இதுவே தலையாய காரணம் என்பது எமது துணிபு.

இவ்விளையாட்டின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1824 இல் பிரஷியப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், படைப் பயிற்சிக்கென ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். இரு அணியினரும் தத்தம் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பர். விளைவை அறிவிப்பவர் அவரே. 1876 இல் வேர்டி டு வேர்னுவா என்னும் மற்றோர் அதிகாரி, விதி அட்டவணைகளைக் காட்டிலும் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே மேலானதென வாதிட்டார். போர் விளையாட்டுகளில் ஊறித் திளைத்த அமெரிக்கர்களான கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974 இல் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற முதற் பாத்திர விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டபோது, அதை நடத்துபவரை நடுவர் என்றே குறித்தனர்.

நடுவர் ஆயத்தம் செய்யவேண்டாமா எனின், வேண்டும். ஆனால் எதனை ஆயத்தம் செய்வது என்பதே கேள்வி. 2014 இல் புதியவர்களுக்கென வெளிவந்த பெட்டியில் ‘பண்டெல்வரின் தொலைந்த சுரங்கம்’ என்னும் கதைக்களம் அடங்கியிருந்தது. வண்டியோடு பயணம் செய்யும் வீரர்கள், வழியில் இரு குதிரைகள் இறந்துகிடக்கக் காண்கின்றனர். புதர்களில் பதுங்கியிருக்கும் கொப்ளின் என்னும் குட்டிப் பூதங்கள் பாய்கின்றன. வீரர்கள் வெல்வர் என்றே யாரும் எதிர்பார்ப்பர். அவர்கள் தோற்றால்? அதற்கும் அந்நூல் வழி வகுத்துள்ளது. பூதங்கள் அவர்களைக் கொல்லாது, பொருள்களைக் கொள்ளையிட்டுச் செல்லும். வீரர்கள் மயக்கந் தெளிந்து எழுந்து மேலே நடக்கலாம். பூதங்கள் யாவை, எங்கு வாழ்பவை, எதை நாடுபவை என்பன அறியப்பட்டுள்ளமையால், வென்றாலும் தோற்றாலும் கதைக்கு வழியுண்டு. புதியவர் கற்கவேண்டிய ஆயத்தம் இதுவே. நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவதை விடுத்து, மாந்தரின் நோக்கங்களை அறிந்து வைத்தல் வேண்டும்.

இனிப் பகடைக்கு வருவோம். கதை தொடர்வதற்கு ஒரு மறைகதவைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவர் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்கின்றார். பதினைந்தோ அதற்கு மேலோ விழவேண்டும். தனித்திறன் எதுவும் கூட்டப்படாவிடின், வாய்ப்பு நூற்றுக்கு 30 மட்டுமே. தவறினால் கதை அவ்விடத்திலேயே நின்றுவிடும். அந்நிலையில் புதியவர் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொல்லத் தூண்டப்படுகின்றார்.

இதில் தவறில்லை என்போர் உளர். கைகக்ஸ் அவர்களே, 1979 இல் வெளிவந்த தம் வழிகாட்டி நூலில், பகடையை மீறும் உரிமை நடத்துபவருக்கு உண்டென எழுதினார். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களுள் மறைகதவும் ஒன்று. ஆடுவோரின் மகிழ்ச்சியே பெரிதென்பது இக்கட்சியினரின் வாதம். முன்னோடி என்ற முறையில் அவருக்குரிய மதிப்பை நாம் குறைக்கவில்லை. எனினும் இக்கருத்தை ஏற்பதற்கில்லை. கதவு காணப்பட்டே ஆகவேண்டுமாயின், பகடை எதற்கு? தேடியவனுக்கு அதைக் காட்டிவிடலாமே! 2007 இல் றொபின் லோஸ் வகுத்த கம்ஷூ என்னும் துப்பறியும் விளையாட்டு முறை இதையே விதியாக்கியது. துப்பறிவதற்கு இன்றியமையாத தடயம், உரிய திறன் உடையவன் தேடிய அளவில் கிடைத்துவிடும். அதிலிருந்து எதை ஊகிப்பது என்பதே அவன் உழைப்பு.

ஆகவே, பகடையைக் கையிலெடுக்குமுன் நடுவர் தம்மைத் தாமே ஒன்று வினவுதல் வேண்டும்: “இது தவறினால் அதனை ஏற்க நான் ஆயத்தமா?” ஆயத்தமாயின் உருட்டட்டும், விழுந்த எண்ணை அனைவரும் காணட்டும். அன்றேல் உருட்டாதிருக்கட்டும். எண் ஒருமுறை மறைவில் மாறிற்றென்று தெரிந்துவிட்டால், அதன்பின் பெறும் வெற்றி எதுவும் ஆடுவோருக்கு இனிக்காது. அவர்களுடைய துணிவும் யோசனையும் வீண் என்றாகிவிடும். பறிபோவது ஒரு கதவன்று. தம் தெரிவுக்குப் பயனுண்டு என்ற நம்பிக்கை.

நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. ஆசிரியத் தொழில் புரிவோருக்கும் இவ்வுண்மை புதிதன்று. ஒரே விடையை மனத்தில் வைத்துக்கொண்டு, “உங்கள் கருத்தென்ன?” என்று வகுப்பில் கேட்பவரை மாணவர் விரைவில் இனங்கண்டுகொள்வர், பின்னர் எவரும் கை உயர்த்தார். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரும் அத்தகையோரே. கேட்டபின் விடையை ஏற்கும் நெஞ்சுரம் உடையவர்க்கே கேட்கும் உரிமையும் உண்டு.